அத்தியாயம் 7: இறக்கி வைக்க முடியாத சுமை

செங்கல் ஏற்றிப் போன பிக்கப் சாயங்காலம் காலியாகத் திரும்பிவிடும். நடமாடும் உணவகமாக மாற்றிய பிக்கப்புக்கு அந்த ஓய்வு கிடையாது. தகரக் கூடு, அடுப்பு, தோசைக்கல், ஃப்ரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி எல்லாம் ராத்திரி வீட்டு வாசலில் நிற்கும்போதும் அதன் முதுகில்தான் இருக்கும். வெல்டிங் ஜெனரேட்டரையும் கம்ப்ரசரையும் போல்ட் போட்டு இறுக்கிக்கொண்டு குவாரி குவாரியாகப் போகும் சர்வீஸ் வண்டிக்கும் இதே நிலைதான். கொஞ்ச நாளில் பின்பக்கம் படுத்துவிடும். உரிமையாளர் பட்டறைக்குப் போவார். "ரெண்டு பட்டை ஏத்திடலாம்ணே, ஜம்முனு நிக்கும்" என்று சொல்வார்கள். நிற்கும்தான். ஓடும்போது, வளையும்போது, பிரேக் பிடிக்கும்போது என்ன ஆகும் என்பதைப் பற்றித்தான் இந்த அத்தியாயம்.

பொலேரோ பிக்கப், தோஸ்த், ஏஸ், இசுசு டி-மேக்ஸ் என்று நம் சாலைகளில் ஓடும் எதை எடுத்தாலும் பின்பக்கம் பட்டை ஸ்பிரிங்தான். கம்பெனி அதைச் செய்யும்போது இரண்டு எதிரெதிரான தேவைகளைச் சமாளிக்க வேண்டியிருக்கிறது. காலி வண்டி துள்ளக் கூடாது, முழு லோடில் வண்டி தரையைத் தட்டக் கூடாது. அதனால் மேலே சில மெல்லிய பட்டைகளும், அடியில் சுமை ஏறிய பிறகே வந்து முட்டும் தடித்த ஹெல்பர் பட்டையும் வைக்கிறார்கள். நிரந்தரச் சுமை வண்டிக்கு இந்தச் சமரசம் தேவையே இல்லை. அது காலியாக ஓடப்போவதில்லை. ஒரே எடைக்கு, ஒரே உயரத்துக்கு ஸ்பிரிங்கைச் செய்துகொள்ளலாம். இது பெரிய வசதி. ஆனால் பெரும்பாலானோர் இதைப் பயன்படுத்திக்கொள்ளாமல், லாரிக்குச் செய்கிற அதே வேலையைச் செய்துவிட்டு வருகிறார்கள்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஸ்பிரிங்கை மாற்றினால் வண்டி உட்காரும் உயரமும் அதன் குலுக்கமும் மாறும். வண்டி எவ்வளவு எடை சுமக்கலாம் என்பது மாறாது. ஆக்சில் ஹவுசிங், வீல் பேரிங், பிரேக், டயர், சேஸிஸ் எல்லாம் பழையபடியேதான் இருக்கின்றன. ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருக்கும் மொத்த எடைதான் எல்லை. அதற்கு மேல் போய்விட்ட வண்டிக்கு நல்ல ஸ்பிரிங் போடுவது, உண்மையில், ஆபத்தை மறைப்பது. பின்பக்கம் படுத்திருந்தால் வண்டியே உங்களை எச்சரிக்கும். நிமிர்த்தி வைத்துவிட்டால் அந்த எச்சரிக்கையும் போய்விடும்.

எடைமேடை முதலில்

பட்டறைக்குப் போகும் வழியில் எடைமேடை இருக்கும். அங்கே மூன்று சீட்டு வாங்குங்கள். முழு வண்டிக்கு ஒன்று, முன் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்படி ஒன்று, பின் சக்கரங்கள் மட்டும் இருக்கும்படி ஒன்று. வியாபாரத்துக்குப் போகும் கோலத்திலேயே எடை போட வேண்டும். தண்ணீர் நிரம்பி, சிலிண்டர் ஏறி, மாவு வாளி, எண்ணெய் டின், வேலையாட்கள் எல்லாரும் உள்ளே இருக்கட்டும். "அதெல்லாம் கொஞ்சம்தான்" என்று விட்டுவிடுகிற பொருள்கள்தான் கணக்கைக் கவிழ்க்கின்றன.

வண்டி இன்னும் கட்டப்படவில்லை என்றால் காகிதத்தில் எடை போடலாம். ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். ஆர்.சி.யில் மொத்த எடை 2,900 கிலோ, வெற்று எடை 1,650 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வெற்று எடையில் ஓட்டுநர் சேர்த்தியில்லை. சட்டத்தின் வரையறையே அப்படித்தான். கம்பெனி கொடுத்த சரக்குத் தொட்டியைக் கழற்றினால் 150 கிலோ குறையும் என்று கொண்டால் வண்டி 1,500 கிலோவுக்கு வரும். இனி மேலே ஏறுவது: இரும்புக் குழாய்ச் சட்டமும் தகடும் சேர்ந்த கூடு 520, அடுப்பும் தோசைக்கல்லும் 110, ஃப்ரிட்ஜ் 60, தண்ணீர் 200 லிட்டர் என்றால் 200, இரண்டு 19 கிலோ வணிக சிலிண்டர்கள் காலி எடையும் சேர்த்து 70, மளிகை 100, மூன்று ஆட்கள் 200. கூட்டினால் 1,260. வண்டியின் எடை 2,760. எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆனால் மிச்சம் 140 கிலோதான். பொங்கல், தீபாவளி வாரத்தில் கூடுதலாக ஏற்றும் பாத்திரம், பலகை, ஒரு ஜெனரேட்டர் சேர்ந்தால் தாண்டிவிடும்.

நிரந்தரச் சுமை வண்டியை மொத்த எடையில் பத்தில் ஒன்பது பங்கோடு நிறுத்துவதே நல்லது என்பது என் கட்சி. மேலே சொன்ன வண்டிக்கு அது 2,610 கிலோ. அதாவது 150 கிலோவைக் குறைக்க வேண்டும். தண்ணீரை 120 லிட்டராக்கினால் 80 போகும். கூட்டில் தேவையற்ற இரட்டைச் சட்டங்களையும் கனத்த தகட்டையும் குறைத்தால் 70 போகும். கூடு கட்டுகிறவருக்கு இது பிடிக்காது. தடித்த இரும்பு போட்டால்தான் "ஸ்ட்ராங்" என்பது கரூரிலிருந்து நாமக்கல் வரை பாடி கட்டும் தொழிலில் ஊறிப்போன எண்ணம். பஸ்ஸுக்கும் லாரிக்கும் அது சரி. சின்ன பிக்கப்பில் கூட்டின் ஒவ்வொரு கிலோவும் நீங்கள் விற்கும் இட்லியின் கணக்கில்தான் போய் விழும்.

சட்டப் பக்கத்தையும் இங்கேயே பார்த்துவிடலாம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்களிலிருந்து வண்டி மாறிப்போகும்படி அதை மாற்றக் கூடாது என்கிறது. கூடு கட்டுவது அப்படிப்பட்ட மாற்றம்தான். வேலை தொடங்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி வாங்கி, முடிந்தபின் ஆர்.சி.யில் பதிவு செய்துகொள்ளுங்கள். எடை தாண்டி மாட்டினால் 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 20,000 ரூபாய். அதற்கு மேல் கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். அதிகப்படிச் சுமையை இறக்கும் செலவும் உங்களுடையதே. இறக்கவே முடியாதபடி போல்ட் போட்ட சுமையை என்ன செய்வீர்கள்?

சுமை எங்கே உட்காருகிறது

மொத்த எடை சரியாக இருந்தும் வண்டி கெட்டுப்போவதற்குக் காரணம் சுமை இருக்கும் இடம். முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவில் 3,000 மி.மீ. தூரம் உள்ள வண்டியில் 800 கிலோவைப் பின் ஆக்சிலுக்கு 300 மி.மீ. முன்னால் வைத்தால் 80 கிலோ முன்னுக்கும் 720 கிலோ பின்னுக்கும் போகும். அதே 800 கிலோ பின் ஆக்சிலுக்கு 300 மி.மீ. பின்னால் இருந்தால் பின் ஆக்சிலில் 880 கிலோ விழும், முன்பக்கத்திலிருந்து 80 கிலோ தூக்கப்பட்டுவிடும். ஸ்டீயரிங் லேசாகத் தெரியும், மழையில் முன் சக்கரம் பிடிக்காது. அரை மீட்டர் இடமாற்றம் செய்கிற வேலையை எந்த ஸ்பிரிங்கும் செய்யாது. ஆகவே தண்ணீர்த் தொட்டி கேபினை ஒட்டி, தரைக்குப் பக்கமாக இருக்கட்டும். வாசல் பக்கத்துப் பின்மூலையில் லேசான சாமான்.

தண்ணீரில் இன்னொரு சங்கதி உண்டு. நல்ல தண்ணீர் குறையக் குறையக் கழிவுத் தொட்டி நிறைகிறது. மொத்த எடை பெரிதாக மாறுவதில்லை, ஆனால் இரண்டு தொட்டியும் வலது இடதாக இருந்தால் காலையில் ஒரு பக்கமும் ராத்திரி மறுபக்கமும் சாயும் வண்டி கிடைக்கும். இரண்டையும் வண்டியின் நடுக்கோட்டில் ஒன்றின்பின் ஒன்றாக வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. நம் ஊரில் வாடிக்கையாளர் இடதுபக்கம் நிற்பார் என்பதால் அடுப்பும் கல்லும் மேடையும் இடதுபக்கமே சேர்கின்றன. ஃப்ரிட்ஜையும் சிலிண்டரையும் வலப்பக்கம் தள்ளினால் சமமாகும். பக்கத்துக்குப் பக்கம் உயரம் 10 மி.மீ.க்கு மேல் வித்தியாசப்பட்டால் சாமானை நகர்த்துங்கள். ஒரு பக்கம் மட்டும் பட்டை ஏற்றிச் சமாளிக்கும் வழக்கம் வேண்டாம். நேரே போகும்போது நன்றாக இருக்கும், வளைவில் வண்டி இரண்டு பக்கமும் இரண்டு விதமாகச் சாயும்.

எட்டு மூட்டை சிமெண்ட்

ஸ்பிரிங்கைப் பற்றிக் கேட்க வேண்டியவை இரண்டு: எவ்வளவு உயரத்தில் உட்கார வேண்டும், எவ்வளவு விறைப்பாக இருக்க வேண்டும். பட்டறையில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுவார்கள். வளைவைக் கூட்டினால் உயரம் கூடும், விறைப்பு அப்படியே இருக்கும். பட்டையைச் சேர்த்தால் விறைப்பு கூடும், உயரமும் கொஞ்சம் கூடும். ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைத்தாலோ ஷேக்கிளை நீளமாக்கினாலோ உயரம் மட்டும் கூடும். தாங்கும் திறன் ஒரு கிலோகூடக் கூடாது.

உங்கள் வண்டியின் விறைப்பை நீங்களே அளந்துகொள்ளலாம். சமதளத்தில் காலி வண்டியை நிறுத்தி, பின் ஆக்சில் ஹவுசிங்கின் மேல்விளிம்பிலிருந்து சேஸிஸின் அடிவிளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்து எழுதுங்கள். பின் ஆக்சிலுக்கு நேர் மேலே எட்டு மூட்டை சிமெண்டை, அதாவது 400 கிலோவை, அடுக்குங்கள். வண்டியை ஒருமுறை முன்னும் பின்னும் உருட்டிவிட்டு மறுபடி அளங்கள். பட்டைகளுக்கு நடுவே உராய்வு உண்டு என்பதால் உருட்டாமல் அளந்தால் தப்பாக வரும். 40 மி.மீ. இறங்கியிருந்தால், இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரு மி.மீ.க்கு 10 கிலோ.

மாதிரி வண்டியில் பின் ஆக்சிலுக்குப் புதிதாக 900 கிலோ வருகிறது என்று கொள்வோம். ஹெல்பரைக் கணக்கில் எடுக்காவிட்டால் 90 மி.மீ. இறங்கும். காலி வண்டியில் பம்ப் ஸ்டாப் ரப்பருக்கு 110 மி.மீ. இடைவெளி இருந்திருந்தால் மிச்சம் 20. ஒவ்வொரு வேகத்தடையிலும் ரப்பரில் மோதும். ஹெல்பர் வந்து முட்டினால் இவ்வளவு இறங்காது, ஆனால் அப்போது அந்தத் தடித்த பட்டையின் மேலேயே வண்டி ஆயுள் முழுக்க உட்கார்ந்திருக்கும்.

இறக்கத்தை 50 மி.மீ.க்குள் அடக்கப் பட்டைகளை ஏற்றிக்கொண்டே போனால் விறைப்பு 18 கிலோவுக்கு வந்து நிற்கும். வண்டி நிமிர்ந்து நிற்கும். கூட்டின் வெல்டிங் ஒவ்வொன்றாக விடத் தொடங்கும், ஃப்ரிட்ஜின் குழாய் கசியும், முட்டை அட்டையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இதைவிட நல்ல வழி, விறைப்பை 14 கிலோவோடு நிறுத்தி, வளைவை 30 மி.மீ. கூட்டிச் செய்யச் சொல்வது. 900 கிலோவுக்கு 64 மி.மீ. இறங்கும். இடைவெளி 110-உம் 30-உம் சேர்ந்து 140, அதில் 64 போனால் 76 மி.மீ. மிச்சம். சாலைக்குப் போதும். சுமை இல்லாமல் நிறுத்தினால் பின்பக்கம் கோமாளித்தனமாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். நிற்கட்டுமே, அந்த வண்டி சுமை இல்லாமல் எங்கே போகப்போகிறது?

குலுக்கத்தையும் எண்ணிலேயே பார்க்கலாம். ஸ்பிரிங் மேல் உள்ள மொத்த எடையை விறைப்பால் வகுத்து, வரும் மி.மீ.யின் வர்க்கமூலத்தால் 15.8-ஐ வகுத்தால் வண்டி ஒரு வினாடிக்கு எத்தனை முறை ஆடும் என்று தெரியும். பின்பக்க ஸ்பிரிங் மேல் காலியில் 350 கிலோ, சுமையோடு 1,250 கிலோ என்றால், காலி பிக்கப் 2.7 முறை ஆடும். காலி பிக்கப் ஏன் துள்ளுகிறது என்பதற்கு இதுதான் விடை. பழைய ஸ்பிரிங் சுமையோடு 1.4, புதிய 14 கிலோ ஸ்பிரிங் 1.7, பட்டைகளை ஏற்றிய 18 கிலோ ஸ்பிரிங் 1.9. ஒன்றரைக்கும் ஒன்றே முக்காலுக்கும் நடுவில் இருந்தால் சாமானுக்கும் முதுகுக்கும் நல்லது.

பட்டறையில்

விறைப்பை 10-லிருந்து 14-க்குக் கொண்டுபோக இரண்டு வழி. 8 மி.மீ. தடிமனில் 5 பட்டை இருந்தால் 7 ஆக்கலாம். அல்லது 5 பட்டையையும் 9 மி.மீ. தடிமனில் புதிதாகச் செய்யலாம். விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுவதால் ஒரு மி.மீ. கூட்டினாலே இரண்டு பட்டையின் வேலை முடிந்துவிடுகிறது. தடித்த பட்டையில் எடை குறைவு, உராய்வு குறைவு. ஆனால் ஒரே அளவு வளையும்போது தடித்த பட்டைதான் அதிகம் வருந்தும். மலைப்பாதை, குவாரிப் பாதை என்று சக்கரம் மேலும் கீழும் நிறையப் போய்வரும் இடத்தில் ஓடுகிற வண்டிக்கு மெல்லிய பட்டை ஏழே மேல். ஊருக்குள் ஓடும் உணவு வண்டிக்கு 9 மி.மீ. போதும். சில வண்டிகளில் நுனி மெலிந்து நடு தடித்த பட்டைகள் இரண்டு மூன்றே இருக்கும். நுனியில் மட்டும்தான் ஒன்றையொன்று தொடும். அந்த வகைக் கட்டில் சாதாரணப் பட்டையைச் செருகக் கூடாது. முழு செட்டாகவே மாற்ற வேண்டும்.

பட்டை என்பது சிலிக்கான், மாங்கனீஸ் கலந்த எஃகைச் சூடாக்கி வளைத்து, எண்ணெயில் அமிழ்த்திப் பதப்படுத்தியது. பதம் போனால் அது வெறும் இரும்பு. புதுப்பேட்டையில் கிடைக்கும் பழைய லாரிப் பட்டையை வாங்கி, கேஸில் வெட்டி, துளை போட்டுச் செருகுவது மலிவாகத் தோன்றும். கேஸ் சுடர் பட்ட இடத்தில் பதம் போய்விடும், சரியாக அங்கேதான் உடையும். லாரிப் பட்டைக்கு ஓய்வுக்காலத்தில் பொருத்தமான வேலை அரிவாளாவது. நம் கொல்லர்கள் அதை நன்றாகவே அறிந்திருக்கிறார்கள். படுத்துப்போன உங்கள் பழைய பட்டையைச் சம்மட்டியால் தட்டி வளைவு ஏற்றுவதும் கொஞ்ச நாளைக்குத்தான், மறுபடி படுக்கும். பட்டையில் எந்த இடத்திலும் வெல்டிங் வேண்டாம், எர்த் கிளிப்பைக்கூட மாட்ட விடாதீர்கள்.

யூ போல்ட்டைப் புதிதாகவே வாங்குங்கள். 8 மி.மீ. பட்டை இரண்டு கூடினால் போல்ட்டின் காலும் 16 மி.மீ. நீள வேண்டும், பழையதை வைத்து நட்டின் பாதி மரையோடு இறுக்கியிருக்கும் வண்டிகளைப் பார்க்கிறோம். சென்டர் போல்ட்டும் புஷ்களும் கையோடு மாறட்டும். ரப்பர் புஷ் என்றால் ஷேக்கிள் போல்ட்டை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் ஊன்றி, சுமையும் ஏறிய பிறகே இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும்.

காற்றுப் பை வைக்கலாமா என்று கேட்பவர்கள் இப்போது அதிகம். ஒரு நாள் ஏற்றி ஒரு நாள் இறக்கும் வண்டிக்கு அது அருமையான பொருள், காற்றைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். நிரந்தரச் சுமைக்கு நான் அதைச் சொல்வதில்லை. பட்டை ஸ்பிரிங் சுமையைச் சேஸிஸில் இரண்டு நுனிகளில் பிரித்துக் கொடுக்கிறது. காற்றுப் பை ஆக்சிலுக்கு நேர் மேலே ஒரே புள்ளியில் குத்துகிறது. ஆஸ்திரேலியாவில் பின்னால் நிறையச் சுமையைத் தொங்கவிட்டு, காற்றுப் பையால் நிமிர்த்தி ஓடிய பிக்கப்களின் சேஸிஸ் அந்த இடத்திலேயே மடங்கிய படங்கள் ஏராளம்.

ஸ்பிரிங்கோடு சேர்ந்தவை

விறைப்பு 10-லிருந்து 14 ஆனால் ஷாக் அப்சார்பரின் பிடியும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூட வேண்டும், குறிப்பாக ஸ்பிரிங் விரியும் திசையில். பழைய ஷாக்கே இருந்தால் வேகத்தடை தாண்டியபின் வண்டி இரண்டு மூன்று முறை ஆடித்தான் அடங்கும். நீளத்தையும் பாருங்கள். வளைவு கூடியதால் சக்கரம் தொங்கும்போது ஷாக் முழுதாக இழுபட்டு நின்றால் அதன் முனை பிடுங்கிக்கொண்டு வரும். பின் பிரேக் ஹோஸுக்கும் இதே சோதனை.

அடுத்தது பலரும் அறியாமல் விட்டுவிடுவது. நிறையப் பிக்கப்களில் பின் ஆக்சிலிலிருந்து ஒரு கம்பியோ சின்ன ஸ்பிரிங்கோ மேலே போய்ச் சேஸிஸில் உள்ள ஒரு வால்வில் சேரும். லோடு சென்சிங் வால்வ் என்பார்கள். சேஸிஸ் உயர்ந்திருந்தால் வண்டி காலி என்று எண்ணிப் பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தை அது குறைத்துவிடும். தாழ்ந்திருந்தால் முழு அழுத்தத்தையும் விடும். நீங்கள் ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை நிமிர்த்திவிட்டீர்கள். இரண்டரை டன் வண்டியைக் காலி என்று வால்வ் நம்பிக்கொண்டிருக்கும். பின் பிரேக் அரைகுறையாகப் பிடிக்க, முன் பிரேக் மட்டும் தேயும், நிற்கும் தூரம் நீளும். சுமையோடு நிறுத்தி, சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவுக்கு அந்தக் கம்பியை மறுபடி அமைக்காமல் பட்டறையை விட்டு வண்டியை எடுக்காதீர்கள். கம்பியைக் கழற்றிக் கட்டிவைப்பதும், வால்வை அகற்றிவிட்டுக் குழாயை நேரே இணைப்பதும் இதற்கு மருந்தல்ல.

டயரின் பக்கச்சுவரில் அளவுக்குப் பின்னால் ஓர் எண் இருக்கும். 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ, 104 என்றால் 900, 106 என்றால் 950, 108 என்றால் 1,000. 106/104 என்று இரட்டையாக இருந்தால் ஒற்றைச் சக்கரத்துக்கு முதல் எண். மாதிரி வண்டியில் பின் ஆக்சிலின் மொத்த எடை 1,500 கிலோ, டயருக்கு 750. 100 எண்ணே தாங்கும் என்றாலும் ராப்பகல் இறங்காத சுமைக்கு 106 போடுங்கள். காற்று அழுத்தத்தைக் கம்பெனியின் முழு லோடு அளவில் வைத்து, டயர் குளிர்ந்திருக்கும் காலையில் பாருங்கள்.

கூடு உயரமாக இருப்பதால் வளைவில் சாய்வது இயல்பு. ஸ்பிரிங்கை இன்னும் விறைப்பாக்கி அதைச் சரிசெய்யப் பார்க்காமல், உங்கள் மாடலுக்குப் பின் ஆன்டி-ரோல் பார் கிடைத்தால் அதைப் போடுங்கள். பின்பக்கம் உயர்ந்ததால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறி, குறிப்பிட்ட வேகத்தில் அதிர்வு வந்தால் பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் ஆப்புத் தகடு வைத்துக் கோணத்தைச் சரிசெய்யலாம். சுமையோடு அளந்த கோணமே கணக்கு. ஹெட்லைட்டையும் சுமையோடு நிறுத்திச் சரிபாருங்கள்.

முதல் 100 கிலோமீட்டரிலும் பிறகு 500-லும் யூ போல்ட்டைக் கையேட்டில் உள்ள டார்க்குக்குச் சுமையோடு இறுக்க வேண்டும். புதுப் பட்டைகள் ஒன்றோடொன்று படிந்து உட்காரும்போது போல்ட் தானாகத் தளரும். பிறகு எப்போதாவது பட்டை உடைந்தால் எங்கே உடைந்தது என்று பாருங்கள். நடுவில் சென்டர் போல்ட் துளையில் உடைந்திருந்தால் யூ போல்ட் தளர்ந்திருந்தது என்று அர்த்தம். புதுப் பட்டை போட்டு மட்டும் பயனில்லை. கண்ணை ஒட்டியோ நுனிப் பக்கமோ உடைந்திருந்தால் மறுபடி எடைமேடைக்குப் போங்கள். ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவிலான உயரத்தை முதல் நாளே எழுதிக் கேபின் கதவின் உட்புறம் ஒட்டி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து, அது 15 மி.மீ.க்கு மேல் குறைந்திருந்தால் ஒன்று பட்டை படுத்திருக்கும், அல்லது வண்டிக்குள் யாரோ ஒரு கிரைண்டரைக் கூடுதலாக ஏற்றியிருப்பார்கள்.